எஸ்பெராந்தோவில் எழுதப்பட்ட காற்று: விமான வரலாற்றில் மறந்துபோன சில கதைகள்

விமான வரலாறு என்றாலே ரைட் சகோதரர்கள், லிண்ட்பர்க், அமேலியா ஏர்ஹார்ட், கான்கார்ட் என்று அதே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, யாரும் அதிகம் பேசாத விசித்திரமான கதைகள் கிடையாதா என்பது கேள்வி. நிறையவே இருக்கின்றன. பல வருடங்களாக இவற்றைத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. இந்தக் கதைகள் பலவற்றில், உயிரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு தகவல் எங்கோ ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. தேவைப்பட்டவர் காதுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்பதில்தான் எல்லாம் நின்றிருக்கிறது. நான் சொல்லப்போகும் கதைகளையும் அப்படிப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறேன்.

முதல் ஆள் விமானியே கிடையாது. அவர் ஜப்பானைச் சேர்ந்த வானிலை ஆய்வாளர், பெயர் ஓயிஷி வாசாபுரோ. டோக்கியோவுக்கு வடகிழக்கே தாதெனோ என்ற இடத்தில், மேல்வளிமண்டலத்தை ஆராய்வதற்கென்றே 1920ல் ஓர் ஆய்வகம் தொடங்கினார்கள். அதன் முதல் இயக்குநர் இவர். வேலை எளிமையானதுதான், ஆனால் ஏகப்பட்ட பொறுமை வேண்டும். ஹைட்ரஜன் நிரப்பிய சிறிய பலூனைப் பறக்கவிடுவார்கள். அது சீரான வேகத்தில் மேலே ஏறும் என்று வைத்துக்கொண்டு, தியோடலைட் என்கிற கோணம் அளக்கும் கருவியால் கண்ணுக்குத் தெரியும்வரை விடாமல் பின்தொடர்ந்து, கோணங்களைக் குறித்துக்கொண்டே வருவார்கள். பிறகு கணக்குப் போட்டால் எந்த உயரத்தில் காற்று எந்தத் திசையில், என்ன வேகத்தில் வீசுகிறது என்று தெரிந்துவிடும்.

1923 மார்ச்சிலிருந்து 1925 பிப்ரவரி வரை இப்படி 1,288 முறை அளந்தார்கள். குளிர்காலக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வினாடிக்கு சுமார் 70 மீட்டர் வேகத்தில் காற்று ஓடிக்கொண்டிருந்தது. மணிக்கு என்று பார்த்தால் 250 கிலோமீட்டர். அந்தக் காலத்துப் பயணிகள் விமானங்களே மணிக்கு 150, 160 கிலோமீட்டர்தான் போகும். அதாவது, அந்தக் காற்றுக்கு எதிராக மூக்கை வைத்துப் பறந்தால் விமானம் பின்னோக்கித்தான் நகரும். இன்று ஜெட் ஸ்ட்ரீம் என்று நாம் சொல்கிற காற்றாறு அதுதான். அதை இவ்வளவு முறையாக அளந்து எழுதிவைத்த முதல் ஆள் ஓயிஷி.

1926ல் அறிக்கை வெளியானது, எஸ்பெராந்தோ மொழியில். 1887ல் போலந்துக் கண் மருத்துவர் ஸாமென்ஹோஃப் எல்லா நாட்டு மக்களுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய மொழி அது. ஓயிஷி அந்த இயக்கத்தில் மனப்பூர்வமாக ஈடுபட்டிருந்தவர், பின்னாளில் ஜப்பானிய எஸ்பெராந்தோ கழகத்தின் தலைவராகவும் இருந்தார். ஜப்பானிய மொழியில் எழுதினால் வெளியே யாரும் படிக்க மாட்டார்கள், பொதுமொழியில் எழுதினால் உலகமே படிக்கும் என்று நம்பினார். ஆனால் வெளிநாட்டு வானிலையாளர்களில் எஸ்பெராந்தோ தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்திருப்பார்கள். அறிக்கை நூலகங்களில் தூங்கியது. அவர் மனம் தளராமல் அடுத்த அறிக்கைகளையும் அதே மொழியில் எழுதினார். இதைச் சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. உலகத்தோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில் ஒரு மனிதர் எடுத்த முடிவு, அதே விஷயத்தை உலகத்துக்கு எட்டாமல் செய்துவிட்டது. விமான வரலாற்றில் என்னை அதிகம் வருத்தப்படவைப்பது இதுதான்.

விளைவு என்ன? அதே காற்றை ஒவ்வொருவரும் தனித்தனியாக, தெரியாமல் போய் முட்டிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 1935 மார்ச்சில் அமெரிக்கர் வைலி போஸ்ட், கிட்டத்தட்ட நீர்மூழ்கி வீரரின் உடையைப் போன்ற அழுத்த உடை ஒன்றை மாட்டிக்கொண்டு, வின்னி மே என்ற மர விமானத்தில் உயரே ஏறி கலிபோர்னியாவிலிருந்து கிளீவ்லாந்துக்குப் போனார். தரையை வைத்துக் கணக்குப் பார்த்தால், அந்த விமானத்தின் சொந்த வேகத்தால் சாத்தியமே இல்லாத வேகத்தில் போயிருந்தார். மேலே ஏதோ ஒரு பெரிய காற்று தள்ளுகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதைத் தொடர்ந்து ஆராய அவருக்கு நாள் கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அலாஸ்காவில் விமான விபத்தில் இறந்துபோனார்.

அப்புறம் 1944 நவம்பர் 24. பசிபிக்கில் இருக்கும் மரியானா தீவுகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் டோக்கியோவுக்கு அருகே ஒரு விமான எஞ்சின் தொழிற்சாலையைத் தாக்கக் கிளம்பின. ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து நுழைந்தார்கள். பின்னாலிருந்து காற்று பிடித்துத் தள்ள, விமானங்கள் தரைக்குமேல் மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தன. குறிபார்க்கும் கருவிகள் அப்படியொரு வேகத்துக்காகச் செய்யப்பட்டவையே இல்லை. தொழிற்சாலைமீது குண்டு போட முடிந்தவை 24 மட்டும். அதே காற்றைப் பற்றி, அதே நகரத்துக்குப் பக்கத்திலிருந்து அளந்த அறிக்கை வெளிவந்து அப்போது 18 வருடம் ஆகியிருந்தது. உயரத்திலிருந்து குறிவைக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான், 1945 மார்ச்சில் தாழப் பறந்து தீக்குண்டு வீசும் முறைக்கு அமெரிக்கா மாறியது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இந்தக் காற்றும் ஒரு காரணம்.

ஜப்பான் ராணுவத்துக்கு அந்தக் காற்றைப் பற்றித் தெரியும். அதைப் பயன்படுத்தவும் செய்தார்கள். 1944 நவம்பரிலிருந்து 1945 ஏப்ரல் வரை ஒன்பதாயிரத்துக்கும் அதிகமான பலூன்களில் குண்டுகளைக் கட்டி, பசிபிக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். பத்து மீட்டர் விட்டமுள்ள அந்தப் பலூன்கள் காகிதத்தால் ஆனவை. மல்பெரி வகை மரப்பட்டையிலிருந்து எடுத்த காகிதத்தை, கொன்னியாக்கு என்ற கிழங்கின் பசையால் ஒட்டினார்கள். ஒட்டியவர்களில் பெரும்பகுதி பள்ளிக்கூட மாணவிகள். ராத்திரிக் குளிரில் பலூன் கீழே இறங்கினால் தானாகவே ஒரு மணல் மூட்டை கழன்று விழும், பலூன் மறுபடி உயரும். அப்படியே விழுந்தெழுந்து மூன்று நான்கு நாளில் கடலைத் தாண்டிவிடும். இதில் விழுந்த மணல் மூட்டைகளைக் கைப்பற்றி, மணலில் இருந்த நுண்ணுயிர் ஓடுகளை வைத்தே அது ஜப்பானின் எந்தக் கடற்கரை மணல் என்று அமெரிக்க நிலவியலாளர்கள் ஊகித்தார்கள். அதை மட்டும் தனியாக ஒரு கட்டுரையாக எழுதலாம்.

ஆனால் நான் சொல்லவந்தது வேறு. பலூன்கள் வந்து சேருவது ஜப்பானுக்குத் தெரியக் கூடாது என்று அமெரிக்க அரசு பத்திரிகைகளை எழுதவிடாமல் வைத்திருந்தது. அதனால் காட்டில் கிடக்கும் காகிதப் பலூனைத் தொடக் கூடாது என்று சொந்த மக்களுக்கும் தெரியவில்லை. 1945 மே 5ஆம் தேதி, ஆரிகன் மாநிலத்தில் பிளை என்ற சிற்றூருக்கு அருகே, சுற்றுலா போன இடத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் ஐந்து பிள்ளைகளும் கிடந்த பலூனை நெருங்கிப் பார்க்கப் போய், குண்டு வெடித்து இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் எச்சரிக்கை வெளியானது.

இத்தனைக்கும் பிறகும் 1947 ஆகஸ்ட் 2 வருகிறது. பிரிட்டிஷ் சவுத் அமெரிக்கன் ஏர்வேஸின் ஸ்டார் டஸ்ட் என்ற லான்காஸ்ட்ரியன் விமானம், பியூனஸ் அயர்ஸிலிருந்து ஆண்டிஸ் மலையைக் கடந்து சிலியின் சாண்டியாகோவுக்குப் புறப்பட்டது. உள்ளே பணியாளர்கள் ஐந்து பேர், பயணிகள் ஆறு பேர். மாலை 5.41க்கு விமானத்தில் ரேடியோவை இயக்கியவர் மோர்ஸ் குறியீட்டில் ஒரு செய்தி அனுப்பினார்: 5.45க்கு சாண்டியாகோ வந்துவிடுவோம். கடைசியில் 'ஸ்டென்டெக்' என்று ஒரு சொல். சாண்டியாகோ நிலையத்தில் இருந்தவருக்குப் புரியவில்லை, திரும்பக் கேட்டார். அதே சொல் இன்னும் இரண்டு முறை வந்தது. அதோடு சரி. விமானம் வரவே இல்லை.

அர்ஜென்டினா, சிலி இரண்டு நாட்டுக்காரர்களும் தேடினார்கள், ஒரு துண்டு உலோகம்கூடக் கிடைக்கவில்லை. கதைகள் கிளம்பின. பயணிகளில் ஒருவர் பிரிட்டன் அரசின் தூதுத் தபால்காரர், எனவே சதி என்றார்கள். வேற்றுக் கிரகவாசிகள் என்றார்கள். அந்தக் கடைசிச் சொல்லுக்கு ஆளாளுக்கு ஓர் அர்த்தம் சொன்னார்கள். இன்றுவரை எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம் கிடையாது, எனக்கும் அதில் பெரிய அக்கறை இல்லை. அதற்கு முந்தைய நான்கு நிமிடக் கணக்குத்தான் உண்மையான மர்மம்.

1998ல் துபுங்காதோ சிகரத்தின் பனியாற்றில் ஏறிக்கொண்டிருந்த இரண்டு அர்ஜென்டினா மலையேறிகள் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினைப் பார்த்தார்கள். 2000ல் ராணுவக் குழு ஒன்று மேலே போனது. சிதைவுகள் ஒரே இடத்தில் இருந்தன, அதனால் நடுவானில் வெடிக்கவில்லை. விசிறிகள் வளைந்திருந்த விதம், எஞ்சின்கள் வழக்கமான வேகத்தில் ஓடிக்கொண்டிருந்ததைச் சொன்னது. சக்கரங்கள் உள்ளே மடங்கியே இருந்தன, அதனால் அவசரமாகத் தரையிறங்க முயலவும் இல்லை. எந்தக் கோளாறும் இல்லாத விமானம் நேராக மலையில் போய் மோதியிருக்கிறது, சாண்டியாகோவுக்கு சுமார் 80 கிலோமீட்டர் முன்னாலேயே.

எப்படி? மோசமான வானிலையைத் தவிர்க்க அவர்கள் ஏழு கிலோமீட்டருக்கும் மேலே ஏறியிருந்தார்கள். அந்த உயரத்தில் பறக்கும் விமானங்கள் அன்று மிகக் குறைவு. கீழே மேகம், தரை தெரியாது. வேகத்தையும் நேரத்தையும் வைத்து, இந்நேரம் மலையைத் தாண்டியிருப்போம் என்று கணக்குப் போட்டு இறங்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் எதிரே ஜெட் ஸ்ட்ரீம். விமானம் காற்றில் ஓடிய வேகம் சரியாகத்தான் இருந்தது, தரைக்குமேல் நகர்ந்த தூரம்தான் குறைந்துபோயிருந்தது. மோதிய அதிர்ச்சியில் சரிந்த பனி விமானத்தை மூடியிருக்கிறது. பிறகு அது பனியாற்றின் ஒரு பகுதியாகவே மாறி, ஐம்பது வருடம் உள்ளுக்குள்ளேயே மெதுவாகக் கீழே நகர்ந்து, பனி உருகும் இடத்துக்கு வந்து வெளிப்பட்டிருக்கிறது. அர்ஜென்டினா விசாரணை, விமானி ரெஜினால்ட் குக் மீது தவறில்லை என்று அறிவித்தது. 53 வருடம் கழித்து. ஓயிஷி 1950லேயே காலமாகிவிட்டார்.

காற்றை விட்டுவிட்டு ஒரு ரேடியோக் கதை. 1943 ஏப்ரல் 4, லிபியாவின் சோலுக் தளத்திலிருந்து நேப்பிள்ஸைத் தாக்கக் கிளம்பிய அமெரிக்க பி-24 குண்டுவீச்சு விமானங்களில் ஒன்றின் பெயர் லேடி பி குட். உள்ளே இருந்த ஒன்பது பேருக்கும் சேர்ந்து அதுதான் முதல் பணி. திரும்பும்போது இருட்டு. தளம் எந்தப் பக்கம் என்று ரேடியோவில் கேட்டார்கள், தரை நிலையம் ஒரு திசையைச் சொன்னது. அந்தக் காலத்து வளைய ஆன்டெனாவுக்கு ஒரு குறை உண்டு: சமிக்ஞை எந்தக் கோட்டில் வருகிறது என்று காட்டும், ஆனால் முன்னாலிருந்தா பின்னாலிருந்தா என்று பிரித்துச் சொல்லாது. விமானம் ஏற்கெனவே தளத்தைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் போயிருந்தது. இன்னும் கடல்மேல்தான் இருக்கிறோம் என்ற எண்ணத்தில் தெற்கே, தெற்கே என்று போனார்கள். எரிபொருள் தீர்ந்ததும் பாராசூட்டில் குதித்தார்கள்.

ஒருவர் பாராசூட் சரியாக விரியாமல் இறந்தார். மற்ற எட்டுப் பேரும் ஒன்றுசேர்ந்து வடமேற்கே நடந்தார்கள். கடற்கரை பக்கத்தில்தான் இருக்கும் என்பது அவர்கள் நினைப்பு. உண்மையில் தளமே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. ஆளில்லாத விமானமோ தானாகவே சறுக்கி இறங்கி, பெரிதாகச் சேதமில்லாமல், அவர்களுக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் கிடந்தது. அதில் தண்ணீர் இருந்தது, சாப்பாடு இருந்தது, வேலைசெய்யும் ரேடியோவும் இருந்தது. அவர்கள் அதற்கு நேரெதிர்த் திசையில் நடந்துகொண்டிருந்தார்கள். இருந்தது அரைக் குப்பித் தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு மூடி. துணை விமானி ராபர்ட் டோனர் எழுதிய நாட்குறிப்பு பிறகு கிடைத்தது. பகல் வெயிலையும் ராத்திரிக் குளிரையும் பிரார்த்தனையையும் பற்றிய சின்னச்சின்ன வரிகள். எட்டு நாட்கள் வரை அதில் பதிவு இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில், அவ்வளவு தண்ணீரில், நூறு கிலோமீட்டருக்கும் மேல் நடந்திருக்கிறார்கள். பாலைவனத்தில் மனித உடல் இவ்வளவு தாங்கும் என்று அதுவரை யாரும் நினைத்திருக்கவில்லை.

1958ல் எண்ணெய் தேடிய பிரிட்டிஷ் குழு விமானத்தை மேலிருந்து பார்த்தது. அடுத்த வருடம் தரைவழியே போனவர்கள் ரேடியோவை இயக்கிப் பார்த்தார்கள், வேலை செய்தது. இயந்திரத் துப்பாக்கி சுட்டது. ஃபிளாஸ்கில் இருந்த தேநீர் குடிக்கும்படி இருந்தது. எட்டுப் பேரின் உடல்கள் 1960ல் கிடைத்தன, ஒருவருடையது கிடைக்கவே இல்லை.

சரி, மனம் கனத்துப்போகிறது. தகவல் இல்லாத இடத்தில் தாங்களாகவே அதைத் தேடிக்கொண்டு பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து இதில் மிகப் பெரிய சாகசம் பசிபிக் கிளிப்பரின் பயணம்.

பசிபிக் கிளிப்பர், அமெரிக்காவின் பான் ஆம் விமான நிறுவனத்தின் போயிங் 314 வகைப் பறக்கும் படகு. நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும்பும், நான்கு எஞ்சின், உள்ளே படுக்கையும் சாப்பாட்டு அறையும் உண்டு. 1941 டிசம்பர் தொடக்கத்தில் கேப்டன் ராபர்ட் ஃபோர்ட் அதை சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூசிலாந்துக்கு ஓட்டிப்போனார். ஆக்லாந்தை நெருங்கும் நேரத்தில் ரேடியோவில் செய்தி வந்தது: ஹவாயில் பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியிருக்கிறது. வந்த வழியே திரும்ப முடியாது. ஆக்லாந்தில் ஒரு வாரம் காத்திருந்தபின் ரகசிய உத்தரவு கிடைத்தது. விமானத்தின் அடையாளங்களை அழித்துவிட்டு, மேற்கே போய், உலகத்தைச் சுற்றி நியூயார்க்குக்கு வந்து சேருங்கள் என்று.

அந்த வழியில் அவர்கள் யாரும் பறந்ததில்லை. வரைபடம் கிடையாது, வழியில் நிறுவனத்துக்கு அலுவலகம் கிடையாது, ரேடியோவிலும் பேசக் கூடாது. ஃபோர்டும் குழுவினரும் ஆக்லாந்து பொது நூலகத்துக்குப் போய், அட்லஸையும் புவியியல் புத்தகங்களையும் புரட்டி, ஒரு பறக்கும் படகு இறங்கக்கூடிய துறைமுகங்களும் ஆறுகளும் எங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொண்டார்கள். நான்கு எஞ்சின் கொண்ட விமானம் ஒன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி வரைபடங்களை நம்பி உலகைச் சுற்றக் கிளம்பியது.

முதலில் நியூ கலிடோனியாத் தீவின் நூமியாவுக்குத் திரும்பிப் போய் அங்கிருந்த நிறுவன ஊழியர்களை ஏற்றி ஆஸ்திரேலியாவில் விட்டார்கள். அடுத்து டார்வின். அங்கிருந்து ஜாவாத் தீவின் சுரபாயா. அங்கே போர் விமானங்கள் வந்து மறித்தன. இப்படி ஒரு விமானம் வரும் என்று யாருக்கும் சொல்லப்படவில்லையே. சுடாமல் விட்டது அதிர்ஷ்டம்தான். இறங்கிய பிறகுதான் துறைமுகம் முழுக்கக் கண்ணிவெடி வைத்திருப்பது தெரிந்தது. உயர்தர விமானப் பெட்ரோல் கிடைக்கவில்லை, காருக்குப் போடும் பெட்ரோலை நிரப்பிக்கொண்டார்கள். எழும்புவதற்கு மட்டும் மிச்சமிருந்த நல்ல எரிபொருள், மேலே போனபின் கார் பெட்ரோல். எஞ்சின்கள் வெடித்து இருமிக்கொண்டே வங்காள விரிகுடாவைத் தாண்டின. திருகோணமலையை அடையாளம் காண மேகத்துக்குக் கீழே இறங்கியபோது, நேர் கீழே கடல்பரப்பில் ஒரு ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல். அதன் மாலுமிகள் பீரங்கியை நோக்கி ஓடுவது தெரிந்தது. ஃபோர்ட் அவசரமாக மேகத்துக்குள் ஏறிக்கொண்டார்.

டிசம்பர் 24 அன்று திருகோணமலையிலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஓர் எஞ்சினில் சிலிண்டர் உடைந்தது. திரும்பி வந்து, கிறிஸ்துமஸை அதைப் பழுதுபார்ப்பதிலேயே கழித்துவிட்டு, 26ஆம் தேதி மறுபடி கிளம்பினார்கள். கராச்சி, பஹ்ரைன், கார்ட்டூம், காங்கோ ஆற்றங்கரையில் லியோபோல்ட்வில். அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டிய எரிபொருள் முழுவதையும் நிரப்பிக்கொண்டு, அனல் வெயிலில் காங்கோ ஆற்றின் போக்கில் ஓடத் தொடங்கினார்கள். கீழே கொஞ்ச தூரத்தில் அந்த ஆறு, பாறைகளுக்கிடையே கொந்தளித்து விழும். விமானம் நீரை விட்டு எழவே மாட்டேன் என்றது. அந்தப் பாறைகள் வருவதற்குச் சற்று முன்னால்தான் எழுந்தது. பிரேசிலில் நத்தால், பிறகு டிரினிடாட், 1942 ஜனவரி 6 விடியலில் நியூயார்க். ஆக்லாந்திலிருந்து வருகிறோம் என்று ரேடியோவில் சொன்னபோது கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களால் நம்ப முடியவில்லை. மொத்தம் ஐம்பதாயிரம் கிலோமீட்டர். ஒரு பயணிகள் விமானம் உலகைச் சுற்றியது அதுதான் முதல் முறை. போர்ச் செய்திகளுக்கு நடுவே அது சில நாள் பேசப்பட்டது, அப்புறம் மறந்துவிட்டார்கள். அந்தக் குழுவினர் எல்லோருக்கும் சிலை வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பெஸ்ஸி கோல்மனையும் இங்கே சொல்லியாக வேண்டும். கறுப்பினப் பெண் என்பதால் அமெரிக்காவில் எந்தப் பறக்கும் பள்ளியும் அவரைச் சேர்க்கவில்லை. சிகாகோவில் நகம் சீர்செய்யும் வேலை பார்த்துக்கொண்டே பிரெஞ்சு மொழி கற்றுக்கொண்டு, பிரான்சுக்குக் கப்பலேறி, 1921 ஜூன் 15ல் விமானி உரிமம் வாங்கினார். தன்னைப் போன்றவர்களுக்காக ஒரு பறக்கும் பள்ளி தொடங்குவதுதான் அவர் கனவு. 1926ல் ஜாக்சன்வில்லில் ஒரு விமானக் காட்சிக்கான ஒத்திகையின்போது விமானம் கட்டுப்பாட்டை இழந்து தலைகீழாகப் புரண்டு, அவர் வெளியே விழுந்து இறந்தார். கழன்று கிடந்த ஒரு ஸ்பானர் கட்டுப்பாட்டு அமைப்பில் சிக்கியிருந்தது.

அடுத்தது ஒரு சின்ன ஊரின் கதை. மிசிசிப்பியில் மெரிடியன் என்ற ஊர். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் ஊர் விமான நிலையத்தை மூடிவிடுவார்கள் போலிருந்தது. அதை நடத்திவந்த ஆல் கீ, ஃப்ரெட் கீ என்ற சகோதரர்கள், ஊரின் பெயர் எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்று, இறங்காமலே பறந்து சாதனை செய்யக் கிளம்பினார்கள். இரண்டு முறை தோற்றார்கள். மூன்றாம் முறை, 1935 ஜூன் 4ல் ஏறியவர்கள் ஜூலை 1ல்தான் இறங்கினார்கள். 653 மணி 34 நிமிடம். எஞ்சினுக்கு எண்ணெய் போட, பறக்கும்போதே ஃப்ரெட் வெளியே குறுகலான ஒரு பலகையில் நடந்துபோவார்.

எரிபொருள் இன்னொரு விமானத்திலிருந்து குழாய் வழியே வரும். முன்பெல்லாம் குழாய் நழுவினால் பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் கொட்டும், தீப்பிடிக்கும். ஊர்க்காரர் ஏ. டி. ஹன்டர், தொட்டியின் வாயில் பொருந்தினால் மட்டுமே திறக்கும், வெளியே வந்த நொடியே தானாக மூடிக்கொள்ளும் ஒரு குழாய்முனையைச் செய்துகொடுத்தார். அதைப் பார்த்த ராணுவம் அதே முறையை எடுத்துக்கொண்டது. மூடப்படவிருந்த அந்த விமான நிலையம் இன்றும் சகோதரர்களின் பெயரோடு இயங்குகிறது.

அந்தச் சாதனைகளின் உச்சம் லாஸ் வேகஸில் நடந்தது. 1958 டிசம்பர் 4ல் ராபர்ட் டிம், ஜான் குக் இருவரும் ஒரு சாதாரண செஸ்னா 172ல் ஏறினார்கள். ஒரு ஹோட்டலின் விளம்பரம், புற்றுநோய் நிதி என்று காரணம். ஏறியவுடன் ஓடுபாதைக்கு மேலே தாழப் பறக்க, கீழே ஓடிய காரிலிருந்து சக்கரங்களில் வெள்ளைப் பெயின்ட் பூசினார்கள். நடுவில் திருட்டுத்தனமாக இறங்கினால் பெயின்ட் காட்டிக்கொடுத்துவிடும். பாலைவனத்து நேர்ச்சாலையில் லாரி ஓட, அதற்கு மேலே அதே வேகத்தில் பறந்து, குழாயை மேலே இழுத்து எரிபொருள் நிரப்பினார்கள். சாப்பாடும் அப்படித்தான் மேலே போனது. ஒரு ராத்திரி டிம் ஓட்டிக்கொண்டே தூங்கிப்போனார். குக் ஏற்கெனவே தூக்கத்தில். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விமானம் தானியங்கிக் கருவியை நம்பிப் பறந்திருக்கிறது. 39ஆம் நாள் ஜெனரேட்டரும் போனது. அதற்குப் பிறகு ராத்திரியில் விளக்குமில்லை, வெப்பமூட்டியும் இல்லை, தானியங்கியும் இல்லை. அப்படியும் இறங்கவில்லை. 1959 பிப்ரவரி 7 வரை, 64 நாள் 22 மணி 19 நிமிடம் மேலேயே இருந்தார்கள். அந்த விமானத்தை லாஸ் வேகஸ் விமான நிலையத்தின் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள்.

கடைசியாக, இந்தத் தகவல் விஷயத்துக்கே மருந்து கண்டுபிடித்தவர். ஆஸ்திரேலிய வேதியியலாளர் டேவிட் வாரன். 1953ல் தொடங்கி, உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தது. காரணத்தை ஆராயும் கூட்டங்களில் மெல்பர்ன் ஆய்வகத்திலிருந்த வாரனும் உட்கார்ந்திருந்தார். ஆளாளுக்கு ஊகம் சொன்னார்கள். அவருக்கோ, ஒரு பொருட்காட்சியில் பார்த்த, பையில் அடங்கும் ஒலிப்பதிவுக் கருவி நினைவுக்கு வந்தது. விழுந்த விமானத்தில் அப்படியொன்று இருந்திருந்தால், விமானிகள் கடைசியில் என்ன பேசினார்கள் என்று கேட்டுவிடலாமே.

1954ல் அதை எழுதிக்கொடுத்தார். யாரும் பொருட்படுத்தவில்லை. ஒருசில வருடங்களில் எஃகுக் கம்பியில் நான்கு மணி நேரப் பேச்சையும் கருவி அளவீடுகளையும் பதியும் மாதிரியைத் தானே செய்துகாட்டினார். சிவில் விமானத்துறைக்கு இதனால் உடனடி உபயோகமில்லை என்று அதிகாரிகள் பதில் அனுப்பினார்கள். எங்களை ஒட்டுக்கேட்கும் கருவி என்று விமானிகள் சங்கம் எதிர்த்தது. 1958ல் பிரிட்டனிலிருந்து வந்த விமானத்துறை அதிகாரி சர் ராபர்ட் ஹார்டிங்ஹாம் தற்செயலாக அதைப் பார்த்தார். அவருக்கு அதன் மதிப்பு உடனே புரிந்தது. வாரனை லண்டனுக்கு வரவழைத்தார்கள், இன்று கறுப்புப் பெட்டி என்று நாம் சொல்கிற கருவி அங்கேதான் வளர்ந்தது. 1960ல் குயின்ஸ்லாந்தில் மக்காய் அருகே ஒரு விமானம் கடலில் விழுந்து 29 பேர் இறந்தார்கள், காரணம் தெரியவில்லை. விசாரித்த நீதிபதி, பயணிகள் விமானங்களில் பதிவுக் கருவி வேண்டும் என்றார். விமானிகள் அறைப் பேச்சைப் பதிவதைக் கட்டாயமாக்கிய முதல் நாடு, கடைசியில் ஆஸ்திரேலியாதான்.

வாரனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, 1934 அக்டோபரில், மிஸ் ஹோபார்ட் என்ற விமானம் ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் இடையே உள்ள பாஸ் நீரிணைக்கு மேலே காணாமல் போனது. அதில் அவருடைய அப்பா இருந்தார். விமானத்துக்கு என்ன ஆனது என்று உறுதியாகத் தெரியவரவே இல்லை. அப்பா கடைசியாக வாங்கிக்கொடுத்த பரிசு ஒரு கிரிஸ்டல் ரேடியோ செட். பள்ளி விடுதியில் விளக்கணைத்த பிறகு, போர்வைக்குள் அதை வைத்துக்கொண்டு அந்தப் பையன் குரல்களைக் கேட்டுக்கொண்டிருப்பானாம்.